என் குரலுக்கு மட்டும் நின்றவள்

"ஏய் கோமதி! நில்லு! நில்லுடீ! ஐயோ, யாராச்சும் புடிங்களேன்!"

கன்னியம்மா அக்காவின் குரல். நான் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் பக்கத்து வீடு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஆனால் அவர் வாயில் என் மகளின் பெயரைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதனால் வேறு எந்தக் கோமதியையோ கூப்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படிப் போனது.

அடுத்த நொடி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் குவாட்டர்ஸின் கோடியில் மதில் இடிந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு அப்பால் வேலிக்காத்தான் புதர், அதையும் தாண்டினால் ரயில் லைன். நெமிலிச்சேரிப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியின் ஊதல் கேட்டுக்கொண்டிருந்தது. என் ஆறு வயது மகள் மஞ்சள் கவுனோடு அந்த இடைவெளியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தாள். அக்கா பருத்த உடம்பு, முழங்கால் வலிக்காரர். முப்பதடி பின்னால் மூச்சிரைக்க ஓடியபடி 'நில்லு நில்லு' என்று கத்துகிறார். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோமதிக்குக் காது நன்றாகக் கேட்கும். நாலு வீடு தள்ளி அப்பளம் பொரிகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும். ஆனால் அக்கா போட்ட கூச்சல் அவளைப் பொறுத்தவரை யாரோ யாரையோ கூப்பிடுவது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களைத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அன்றைக்கு நடந்தது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கடிதங்கள்

இந்தத் தொடரில் கோமதியைப் பற்றி முதன்முதலாக எழுதியதிலிருந்து தாய்மார்கள் கடிதம் போட்டவண்ணம் இருக்கிறார்கள். "என் பிள்ளைக்கும் இப்படித்தான். எங்கே சேர்க்கலாம்? ஏ.பி.ஏ. பயிற்சி என்கிறார்களே, அது நல்லதா, கெட்டதா?"

நான் டாக்டர் இல்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மனைவி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. என் வீட்டில் நடந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதில் பாதி நான் செய்த தப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோமதிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஸ்பூன்களை வரிசையாக அடுக்கி, அதைக் கலைத்தால் தலையைத் தரையில் முட்டிக்கொள்வாள். ரயில் சத்தம் கேட்டால் மட்டும் முகம் மலரும், இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொள்வாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் இரண்டே நிமிஷம் பார்த்தார். "மூளை வளர்ச்சி கம்மிம்மா. இன்னொரு குழந்தை பெத்துக்குங்க" என்றார். கத்தரிக்காய் சொத்தை, வேறு எடுத்துக்கொள் என்பது போல. எனக்கு வந்த கோபத்தில் சீட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆறு வாரம் மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோனேன். வரிசையில் கோமதி தரையில் புரண்டு அழுவாள். முன்னால் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும் எனக்குப் புத்தி சொன்னார்கள். வழி விட்டவர் ஒருவரும் இல்லை.

இரண்டு இடங்கள்

பூந்தமல்லிப் பக்கம் ஓர் இடம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். சிமென்ட் தரை. இருபது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் ஒரே குரலில் "வணக்கம்" என்றார்கள்.

"ஆறே மாசம்மா. உங்க பொண்ணும் இப்படி ஆடாம அசையாம உக்காரும்" என்றார் நடத்துகிறவர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. என் பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அழுதா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்துவோம். பசி எல்லாத்தையும் கத்துக்குடுத்துடும்."

"நான் கூட உக்காந்து பாக்கலாமா?"

"பெத்தவங்க இருந்தா கெட்டுப்போயிடும்மா. மாசம் ஒரு தடவை வாங்க, வாசல் கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கலாம்."

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். பாவாடை நனைந்து தரையில் ஓடுகிறது. அவள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. பக்கத்துப் பிள்ளைகளும் அசையவில்லை. நான் கோமதியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"நல்ல கட்டுப்பாடா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர், பஸ்ஸில்.

"ஒங்க ஆலையில இரும்புக்குக் கட்டுப்பாடு வைங்க" என்றேன்.

இன்னொரு இடம் திருமுல்லைவாயிலில். ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை ஹால். நடத்தியவர் பெயர் ஜெசிந்தா டீச்சர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், சைக்கிளில் வருவார். வெளியூரில் எங்கோ இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். முதல் நாள் ஒன்றுமே சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கோமதியை வேடிக்கை பார்த்தார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல்.

அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவளுக்கு எது பிடிக்கும்? எப்போது அழுவாள்? அழுவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அழுத பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?

"தூக்கிக்கிடுவேன். தண்ணி குடுப்பேன். அதுக்கும் அடங்கலேன்னா சாவிக்கொத்தைக் குடுப்பேன்."

"அப்ப அவ அழுகை வேலை செய்யுது, பாருங்க. அவகிட்ட வேற பாஷை இல்லம்மா. தண்ணி வேணும்னா அழறதுக்குப் பதிலா என்ன செய்யலாம்னு நாம சொல்லிக்குடுக்கணும்."

முன்னே என்ன, நடுவே என்ன, பின்னே என்ன. டீச்சர் எனக்குச் சொன்னது இந்த மூன்று வார்த்தைதான். பிள்ளை ஒன்றைச் செய்கிறது என்றால் அதற்கு முன்னே ஒரு காரணம் இருக்கும், பின்னே அதற்கு ஏதோ கிடைக்கும். முன்னேயும் பின்னேயும் இருப்பதை மாற்றினால் நடுவே இருப்பது மெல்ல மாறும். நடத்தைப் பகுப்பாய்வு என்றும் ஏ.பி.ஏ. என்றும் பெரிதாகச் சொல்கிறார்களே, அதன் அடிப்படை இவ்வளவுதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

"எப்ப குணமாகும் டீச்சர்?" என்று கேட்டேன். எல்லாத் தாயும் கேட்கிற கேள்வி.

"குணம்கிற பேச்சை நான் பேச மாட்டேன்மா. அடுத்த மாசத்துக்குள்ள, தண்ணி வேணும்னா டம்ளரைக் காட்ட வைக்க முடியும்னு நினைக்கிறேன். தினமும் எழுதி வைப்போம். நடக்கலன்னா நான் சொல்லிக்குடுத்த விதம் தப்பு. மாத்திக்குவேன்."

பிள்ளை தப்பு என்று சொல்லாமல் தன் விதம் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதோடு நான் உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். அங்கேயே சேர்த்துவிட்டேன். எந்த இடம் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் எழுதும் பதிலும் இதுதான். உங்களை உள்ளே விடுகிறார்களா பாருங்கள், பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், முழுசாகக் குணமாக்கிவிடுவேன் என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

நகக்கண் அளவு அப்பளம்

வாரத்துக்கு மூன்று நாள் டீச்சரிடம். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நான்தான் டீச்சர்.

கோமதிக்கு அப்பளம் என்றால் உயிர். கடிக்கும்போது வரும் மொறுமொறு சத்தத்துக்காகவே தின்பாள். தினமும் காலையில் நாலு அப்பளம் பொரித்து, நகக்கண் அளவுக்கு ஒடித்து ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைப்பேன். டம்ளரைக் காட்டினால் தண்ணீரும் உண்டு, ஒரு துண்டும் உண்டு. முதலில் நானே அவள் விரலைப் பிடித்துக் காட்ட வைப்பேன். பிறகு முழங்கையைத் தொடுவேன். பிறகு தொடாமல் காத்திருப்பேன். டீச்சர் சொன்ன மாசக் கெடுவுக்கு மூன்று நாள் முன்னாலேயே அவளாக டம்ளரைக் காட்டினாள். நான் அந்த டம்ளரைக் கட்டிக்கொண்டு அழுதேன், பைத்தியக்காரி மாதிரி.

பத்துத் தடவையில் எத்தனை தடவை சரியாகச் செய்தாள் என்று குறிக்க, என் வீட்டுக்காரர் பழைய தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுத் தருவார். அவருக்கு ஆலையில் அளந்து பார்க்கிற வேலை, கோடு ஒரு மயிரிழை கோணாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

"இன்னைக்கு எத்தன?"

"பத்துக்கு நாலு."

அதற்குப் பிறகு சாப்பாடு, பேப்பர், தூக்கம். மாதக்கணக்கில் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழியில் அவர் கூட இருந்தார். எனக்குத்தான் அது போதவில்லை.

ஒரு பாவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "கண்ணைப் பாரு" என்று அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பழக்கினேன். அது என் சொந்த அதிகப்பிரசங்கித்தனம். டீச்சர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணைப் பாத்தாதான் கேக்குதுன்னு யாரு சொன்னாங்க? விட்டுடுங்கம்மா. கையை அடிச்சுக்கறாளே, அதையும் விட்டுடுங்க, அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். இப்படிப் பழக்கப்பட்டு இப்போது வளர்ந்துவிட்ட பிள்ளைகளில் சிலர், இந்தப் பயிற்சிகள் எங்களை எப்படி வதைத்தன என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது என் கை கூசுகிறது.

மதில் இடிந்ததும் டீச்சரிடம் சொன்னேன். "அப்ப எல்லாத்தையும் ஒத்திவைங்க. 'நில்லு'ன்னா நிக்கணும், அது ஒண்ணுதான் இப்ப பாடம்" என்றார். எங்கள் வீட்டு ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு அவளை ஓடவிட்டு, நடுவில் "நில்லு" என்பேன். நின்றால் அப்பளம். நாலு மாதத்தில் பத்துக்குப் பத்து வந்தது.

திரும்பிப் போன தட்டு

அப்பளம் பயிற்சி நேரத்தில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கிடைத்தால் அதற்கு மதிப்புப் போய்விடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அப்பளத்தை. நான் எடுத்துக்கொண்டது ஊர் உலகத்தில் உள்ள அத்தனை தின்பண்டத்தையும்.

எங்கள் குவாட்டர்ஸில் ஒரு கதவுக்குத் தஞ்சாவூர், அடுத்த கதவுக்குச் சேலம். எல்லாரும் வந்தேறிகள். சொந்தம் பந்தம் பக்கத்தில் இல்லாததால் பிள்ளைகள் பொதுப்பிள்ளைகள். கோமதி எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் ஒரு கை சோறோ ஒரு முறுக்கோ கிடைக்கும். கன்னியம்மா அக்கா மட்டும் உள்ளூர்க்காரர். நெமிலிச்சேரிப் பக்கத்தில் அவர் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தது. தொழிற்சாலையில் அவர் கணவருக்கு வேலை கிடைத்து குவாட்டர்ஸுக்கு வந்தவர்கள். கோமதிக்கு அதிகம் கொடுத்தது அந்த வீடுதான்.

நான் வீடு வீடாகப் போனேன். "இனிமே பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. வந்தா பேச்சும் குடுக்காண்டாம். பாடம் கெட்டுப்போகும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு அக்கா ஒரு தட்டு நிறைய அதிரசமும் முறுக்கும் வைத்து, துணி போட்டு மூடி அனுப்பினார். வீட்டில் இருந்தால் கோமதி மோப்பம் பிடித்துவிடுவாள். நான் மூடிய துணியைக்கூட விலக்கவில்லை. வந்த தட்டை வந்தபடியே கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன்.

"வேண்டாம்க்கா. பாடம் நடக்கு."

குவாட்டர்ஸில் வெறும் தட்டைத் திருப்பித் தருவதே மரியாதை இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். நான் பலகாரத்தோடு தட்டைத் திருப்பித் தந்தேன். அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றோடு எங்கள் வாசலுக்கு ஆள் வருவது நின்றது. பால்காரர், பேப்பர்காரர், அவ்வளவுதான். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். நல்லதுதான், இடைஞ்சல் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும், சிரிப்புச் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நானும், பேசாத பிள்ளையும், அப்பளப் பாட்டிலும். சில நாள் காலையிலிருந்து அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை 'நில்லு'வாகத்தான் இருக்கும். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தனிமை என்றால் காட்டில் இருப்பது என்று நினைத்திருந்தேன். நாற்பது வீட்டுக்கு நடுவிலும் அது இருக்கும்.

ஜல்லிக்கல்

இனி தண்டவாளத்துக்கு வருகிறேன்.

நான் மதில் இடைவெளியில் நுழைந்தபோது கோமதி ஜல்லிக்கல் மேல் ஏறிக்கொண்டிருந்தாள். வண்டியின் முகம் தெரிந்தது. கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு அதை நோக்கியே போகிறாள்.

"கோமதி, நில்லு!"

சுவிட்சை அணைத்தது போல நின்றாள். திரும்பவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டினாள், அப்பளத்துக்கு.

நான் போய் அவளை அள்ளிக்கொண்டு புதரில் விழுந்தேன். வண்டி போகப் போக முடியவே இல்லை. மண்ணில் கிடந்தபடி எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. இங்கேயும் நின்றாள், ஹாலுக்கு வெளியிலும் நின்றாள் என்று. சாமி என்னை மன்னிக்கட்டும்.

அக்கா வந்து சேர்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"எம்மா... நான் தொண்ட கிழிய கத்திகினே வரேன், அது காதுலயே போட்டுக்கல. நீ ஒரு வாட்டி சொன்ன, டக்குனு நின்னுட்ச்சே."

"பழக்கியிருக்கேன்க்கா."

"நல்லா பழக்குன, போ. நாளைக்கி நீ கடைக்கிப் பூட்டின்னா? நீ செத்துட்டின்னா? யாரும்மா வந்து கத்துறது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலக் கேட்டார். எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு தட்டு சோறு

ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். அவர் நோட்டை மூடி வைத்தார்.

"தப்பு என்மேலயும் இருக்குமா. பத்துக்குப் பத்துன்னதும் நான் உங்க வீட்டுக்கு வந்து பாத்திருக்கணும். 'நில்லு'ன்னா நிக்கணும்னு அவ கத்துக்கல. அம்மா சொன்னா நிக்கணும்னு கத்துக்கிட்டா. வேற வேற ஆள், வேற வேற இடம்னு சொல்லிக்குடுத்தாதான் அது அவளோடது. உங்க வீட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"யாரும் வர்றதில்ல."

"ஏன்?"

சொன்னேன். தட்டுக் கதையையும் சொன்னேன்.

"நான் அப்பளத்தை மட்டும்தானேம்மா சொன்னேன்?"

அக்கா வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கதவைத் திறந்தவர் வா என்று சொல்லவில்லை.

"இன்னா?"

விஷயத்தைச் சொன்னேன். தினமும் அரை மணி நேரம் வந்து என் பிள்ளைக்கு 'நில்லு' சொல்லித் தர வேண்டும் என்று கேட்டேன்.

"அது அப்பறம். மொதல்ல ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கி தட்ட ஏன் அப்டியே குடுத்த?"

"பாடம் கெட்டுப்போகும்னுதான்க்கா..."

"சும்மா சொல்லாத. எங்க கையால துன்ன மாட்டீங்க, அதானே? எங்க மாமியா காலத்துலேந்து பாத்துகினுதான் கீறோம். கவர்மெண்டு ஊட்டுக்கு வந்தா மாறிடும்னு நெனச்சேன், என் புத்தி."

அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை. வர வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை, அதனால் வரவில்லை. எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக் கொல்லையில், வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டும்போது ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? ஒரு வருஷம் அக்கா அதை மனசில் வைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"அப்படி இல்லக்கா" என்றேன். எல்லாரும் சொல்வது அதுதான் என்று சொல்லும்போதே தெரிந்தது.

அக்கா உள்ளே போனார். ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து தரையில் வைத்தார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைசிக் கவளம் வரைக்கும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரமா கீதா?"

"இல்லக்கா."

"பொய். கண்ணுல தண்ணி ஊத்துது பாரு." தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். "செரி, இன்னா சொல்லணும் அதாண்ட? எப்டி சொல்லணும்? காட்டு."

இன்னொரு குரல்

முதல் வாரம் எங்கள் ஹாலில். அக்கா 'நில்லு' என்பார், நான் பின்னாலிருந்து கோமதியின் தோளைத் தொட்டு நிறுத்துவேன், அக்கா கையால் அப்பளம். அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. அவர் போடும் அதட்டலில் கோமதி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ஒரு துண்டுக்குப் பதில் இரண்டு துண்டு கொடுப்பார், மூன்றாவதைத் தான் தின்பார். "இன்னா அப்பளம் வாங்குற நீ? உப்பே இல்ல" என்று எனக்கு வசவு வேறு. எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த வீட்டில் நான் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் தாளில் இன்னொரு கட்டம் சேர்த்து, மேலே கன்னியம்மா என்று எழுதினார். அதன் கீழே பல நாள் பூஜ்யம்தான். பிறகு இரண்டு. பிறகு ஐந்து. ஹாலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து குழாயடிக்கு, அங்கிருந்து மதிலுக்கு. குழாயடிப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அக்கா அவர்களுக்கும் பாடம் எடுத்தார். "கத்தாத. ஒரு வாட்டி சொல்லு. நின்னா உடனே குடு." தான் கத்துவது அவருக்குத் தெரியாது.

இரண்டு மாதம் போயிருக்கும். சாயங்காலம், வெயில் இறங்கும் நேரம். எலக்ட்ரிக் டிரெயின் சத்தம் கேட்டதும் கோமதி என் பக்கத்திலிருந்து கிளம்பி மதிலை நோக்கி ஓடினாள். என் வாய் திறந்துவிட்டது. அதற்குள் அக்கா தன் வாசலில் இருந்தபடியே சொன்னார்.

"கோமதி, நில்லு."

நின்றாள். அப்பளப் பாட்டில் யாரிடமும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அக்கா இருந்த திசைக்குக் கையை நீட்டினாள்.

"பாத்தியா? பாத்தியா! நின்னுட்ச்சு!" அக்கா குழந்தை மாதிரி குதித்தார், முழங்கால் வலியோடு.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, இனிமே எனக்குக் காய்ச்சல் வரலாம்" என்றேன். என்ன சொல்கிறேன் என்று தெரியாமல்தான் சொன்னேன். கோமதி பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் படுத்ததில்லை.

"அய்யே, பேசுற பேச்ச பாரு!" என்றார் அக்கா.

அந்த வாரமே வந்தது. உடம்பு இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்திருக்கும் போல. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கோமதியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். "நில்லு. ஆங், அப்டித்தான். தோ, புடி." சற்று நேரம் பொறுத்து, "தண்ணியா? டம்ளரக் காட்டு. ஆங்."

அந்த மூன்று நாளில் கோமதி ஒரு தடவைகூட எங்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. அங்கே சாப்பிட்டாள், அங்கே தூங்கினாள்.

இதற்காகத்தான் நான் அத்தனை பாடும் பட்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், இன்றைக்கும். ஆனால் அந்த மூன்று நாளும், என்னைத் தேடாத என் பிள்ளையை நினைத்து நினைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாமல் அழுதுகொண்டிருந்தேன்.